தினேஷின் தாடி

ஜூலை 7, திங்கள்

காலையில் மழை. எஸ்டேட் சாலை முழுக்கச் செம்மண் சேறு. இன்று முதல் ஆபீசில் ‘பிசினஸ் கேஷுவல்’. காலர் சட்டை, மூடிய சப்பாத்து. ஜீன்ஸ் கூடாது. சிலிப்பர் கூடவே கூடாது. செம்பனைத் தோட்டத்து ஆபீசுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்க ஆளில்லை. புது மேனேஜர் மிஸ்டர் லிம், கோலாலம்பூரிலிருந்து வந்தவர். யார் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று பார்ப்பது அட்மின் வேலையாம். அட்மின் நான்தான்.

பேண்ட் போடலாம் என்று பார்த்தால் பழைய சிலுவார் இடுப்பில் ஏறவில்லை. பகாவ் டவுனில் அவசரமாக வாங்கியதும் இறுக்கம். நாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசை ஆயிஷா தொளதொள பாஜு கூரோங்கில் சுகமாக இருந்தாள். நானும் பஞ்சாபி சூட்டே போட்டிருக்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நானாகத்தான் நாகரிகம் காட்டப் போனேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். தலைவலி.

தினேஷ், லோரி எடைபோடும் பையன். மனைவி ஷாலினிக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்கும்வரை தாடி எடுக்காமல் இருக்கிறான். நம் ஆட்களில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். என் அண்ணன்கூட அப்படித்தான் காடு மாதிரி வளர்த்துக்கொண்டு திரிந்தார்.

மிஸ்டர் லிம் கேட்டார். “அவன் தாடி ஏன் அப்படி இருக்கு? சமய விஷயமா?”

“இல்ல பாஸ். சும்மா சோம்பேறித்தனம்தான் லா.”

சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார். “அப்ப எடுக்கச் சொல்லுங்க.”

ஏன் அப்படிச் சொன்னேன்? பிள்ளை, தாடி என்று இங்கிலீஷில் விளக்கினால் இவளும் பட்டிக்காடு என்று நினைப்பாரே என்ற கூச்சம். வேறு ஒன்றுமில்லை.

தினேஷிடம் சொன்னபோது தாடியைத் தடவிக்கொண்டான். “அக்கா, ஏன் வச்சிருக்கேன்னு ஒங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்டா. பாஸ் சொல்றாரு, நான் என்னா செய்ய?”

பழியைத் தூக்கி பாஸ் தலையில் போட்டாயிற்று.

ஜூலை 9, புதன்

மழுமழுவென்று வந்தான். மோவாயில் ஒரு வெட்டு. மிஸ்டர் லிம், “ஸ்மார்ட்!” என்றார். நானும் தலையாட்டினேன். மதியம் எங்களோடு சாப்பிட வரவில்லை.

வாங்க வேண்டியது: சப்பாத்து பாலிஷ், ஊக்கு, அம்மாவுக்கு டுரியான்.

ஜூலை 15, செவ்வாய்

ஷாலினிக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். மூச்சு இன்னும் சரியாகவில்லை.

ஷாலினிக்கு இரத்த அழுத்தம், அதுதான் காரணம் என்கிறார் டாக்டர். தாடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நன்றாகப் புரிகிறது. ஆனாலும் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபீஸ் உடுப்போடே. வார்டு வாசலில் தினேஷின் அம்மா அவனைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

“பொறுக்க முடியலயா ஒனக்கு? ரெண்டு மாசம் பொறுக்க முடியலயா? யாருடா எடுக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலமா. அரிச்சிச்சி. நானாதான் எடுத்தேன்.”

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆபீஸ்ல நீயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. நீ நம்ம புள்ளதானே?”

வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி வந்துவிட்டேன். காரில் அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

மிஸ்டர் லிம்மிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்தார்.

“என் மனைவி மாசமா இருந்தப்ப, வீட்ல ஒரு ஆணி அடிக்க விடல எங்கம்மா. படம் மாட்டாமயே கெடந்திச்சு. நீங்க சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனே?”

இதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

ஜூலை 24, வியாழன்

குழந்தை தானாக மூச்சு விடுகிறது. ஆயிஷா சொன்னாள். தினேஷ் இன்னும் லீவு. எடை மேடையில் வேறு ஆள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. எஸ்டேட்டில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பஞ்சாபி சூட். ஒரு பை நிறைய துணி நாப்பி, பழம்.

குட்டி முகம். தலை நிறைய முடி. தினேஷ் வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். “வாங்கக்கா” என்றான், பழையபடிதான். அவன் அம்மா ஆசையாகப் பிள்ளையைத் தூக்கி, “இந்தா, வாங்கிக்க” என்று என்னிடம் நீட்டினார்.

நான் கை நீட்டவில்லை. “அவனா தாடிய எடுக்கலம்மா. நான்தான் எடுக்கச் சொன்னேன். பாஸ் கேட்டப்ப சோம்பேறித்தனம்னு சொன்னதும் நான்தான்.”

வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அந்த அம்மா பிள்ளையைத் திரும்பத் தன் தோளில் போட்டுக்கொண்டார். “ஒக்காரும்மா, தேத்தண்ணி கலக்கறேன்” என்று சொல்லி, பிள்ளையோடு உள்ளே போனார்.