இரண்டு ரேடியோ, ஒரு காது

அக்கா,

நேற்று வாஷி ரயிலில் எதிரே இருந்த பெண் ஒரு காதில் மட்டும் பாட்டு ஒயரைச் செருகி, மற்றதைத் தொங்கவிட்டிருந்தாள். "ரெண்டு காதிலயும் வச்சுண்டு கேளேன்!" என்று அதட்டிவிட்டேன். பாவம், மிரண்டுபோனாள். நீ போய் ஒரு வருஷம் ஆகியும் என் கோபம் இப்படி வழியில் போகிறவர்கள் மேல் பாய்கிறது.

அறுபதுகளில் வந்த ஸ்டீரியோ பைத்தியம் நினைவிருக்கிறதா? இடப்பக்கத்துச் சத்தம் ஓர் அலைவரிசையில், வலப்பக்கத்துச் சத்தம் இன்னொன்றில், சோதனையாக ஒலிபரப்பப் போகிறார்கள் என்றார்கள். கேட்க இரண்டு ரேடியோ வேண்டும். பம்பாயில், மாட்டுங்காவில் நம் அப்பா வீட்டில் இருந்தது ஒன்றுதான். செம்பூரிலிருந்து உன் வீட்டு ரேடியோவைப் போர்வையில் சுற்றி, மடியில் தாங்கிக்கொண்டு டாக்சியில் வந்தாய். அத்திம்பேர் முன்சீட்டில் ஜம்மென்று வந்தார்.

கூடத்தின் இரு மூலையிலும் ரேடியோக்கள், நடுவில் நாம். முதலில் ஒரு ரயில் சத்தம். இடது ரேடியோவில் கிளம்பி வலது ரேடியோவுக்கு ஓடியது. எல்லோர் தலையும் கூடவே திரும்பியது. உன் தலை மட்டும் திரும்பவில்லை.

"எங்கேடி போறது? எல்லாம் ஒரே எடத்துலேர்ந்துதானே வரது?" என்றாய்.

"இவளுக்கு ரெண்டு காது இருந்து என்ன பிரயோஜனம்!" என்றார் அத்திம்பேர். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சிரிக்க உனக்கு என்ன இருந்தது?

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் நீ திரும்புவதில்லை. சமையலறைக்கு இழுத்துப்போய்க் கேட்டேன்.

"அறைஞ்சார். அதுலேர்ந்து அந்தக் காது கேக்கலை. கத்தாதேடி" என்றாய்.

கத்தினேன். கூடத்துக்கு வந்து, "அவளுக்கு ஒரு காதுதான் கேக்கறது. இன்னொண்ணு எங்கே போச்சுன்னு உங்க மாப்பிள்ளையைக் கேளுங்கோப்பா!" என்றேன். அப்பா எழுந்தார். போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம்!

நீ ரேடியோவை மறுபடி போர்வையில் சுற்றிக்கொண்டு அத்திம்பேர் பின்னாலேயே கிளம்பினாய். வாசலில், "என் மானத்தை வாங்கிட்டியேடி" என்றாய். வாங்கியது நானா அக்கா? அப்பா மேல் வந்த ஆத்திரத்தைவிட உன் மேல் வந்த ஆத்திரம்தான் பெரிது. இன்னும் ஆறவில்லை.

உன் காரியத்தன்று அத்திம்பேர் எல்லோரிடமும், "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை, புண்யவதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இலை போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுச் சாதம் எனக்கு வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த ரேடியோ நாளுக்கப்புறம் உன்னோடு எங்கே போனாலும் உன் வலப்பக்கம்தான் நடந்தேன். ஏன் என்று நீ கேட்டதில்லை. இப்போதும் யாரோடு நடந்தாலும் வலப்பக்கத்துக்கு மாறிக்கொள்கிறேன், நான் சொல்வது ஒரு சொல் விடாமல் காதில் விழ வேண்டும் என்று.