மூடிய கடையின் பக்கம்

செவ்வாய்க்கிழமை, இரவு

கணக்கு சாஃப்ட்வேர் இன்றும் அதே இடத்தில் படுத்துவிட்டது. தாராவிக் கடையின் பக்கம் திறக்கிறது. செம்பூர் கடையும் திறக்கிறது. கல்யாண் கடையைத் தொட்டால் மட்டும் எல்லாம் மூடிக்கொள்கிறது. அந்தக் கடையைப் போன தீபாவளிக்கே மூடிவிட்டோம். அதை நடத்திவந்தவன் என் கொழுந்தன் சேகர்.

"பழைய கம்ப்யூட்டர் மைனி. அந்தப் பக்கத்தையே அழிச்சிருங்க, சரியாயிரும்" என்றான். இதையேதான் நேற்றும் சொன்னான்.

மாட்டுங்காவிலிருந்து வந்த ரிப்பேர்காரர் கம்ப்யூட்டரில் குறையில்லை என்றார். "அடியில இருக்கற டேட்டாபேஸ்தான் பழசு மேடம். செஞ்சவங்களே கைவிட்டுட்டாங்க. எந்தப் பக்கத்தை அடிக்கடி திருத்தறீங்களோ, அதுதான் முதல்ல உடையும்."

புதிதாக ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். ஆனால் அவர் விலையே பேசவில்லை.

யார் திருத்தினார்கள் என்று பார்க்க முடியாதாம். கடையில் எல்லோரும் என் வீட்டுக்காரர் பெயரில்தான் உள்ளே போகிறோம். ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்றால் குடும்பத்துக்குள் சந்தேகமா என்று கோபப்படுவார்.

சேகரைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு போடும்போது இவரிடம் கேட்டேன்: "மூடுன கடைக்கு யாருங்க இன்னும் கணக்கு எழுதுதா?"

இவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அந்தப் பக்கத்தை நீ எதுக்குத் தொறந்த?" என்றார்.

பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். குறட்டை விடாமல் இந்த மனுஷன் தூங்கி நான் பார்த்ததில்லை. அறை அமைதியாக இருக்கிறது.