விளிம்புவரை ஊற்றாதே

கோச்கோர்
4 செப்டம்பர் 1999

ஆண்டவருக்குள் அன்பும் என்மேல் கோபமும் உள்ள புருல்சாவுக்கு,

உல்கான் எழுதுவது. நாங்கள் நலம். உன் மகள், மருமகன், மாடுகள் எல்லோரும் நலமா? நீ அட்-பாஷிக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. போகட்டும், நானும்தான் எழுதவில்லை.

நம் சபை இளைத்துப் போய்விட்டது. நீ இருந்தபோது முப்பது பேர். போன ஞாயிறு ஒன்பது பேர், அதில் நாலு பேர் என் வீட்டு ஆட்கள். முதல் பனி விழுவதற்குள் தேறாவிட்டால் மூடிவிட்டு, பாலிக்சி சபையோடு சேர்த்துவிடுவார்களாம். மூப்பர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

நம் போதகர், அதாவது என் வீட்டுக்காரர், தலைநகரில் ஏதோ கூட்டத்துக்குப் போய் 'ஆரோக்கியமான சபை' என்று நாற்பது கேள்விகளோடு ஒரு தாள் கொண்டுவந்தார். ஜெபம் உண்டா? உண்டு. பிரசங்கம் வேதப்படியா? ஆம். பாட்டு? கொமுஸ் மீட்டியே பாடுகிறோம். எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண். "ஒரு நோயும் இல்லாம ஒரு ஆளு சாகக் கெடக்கிறானே உல்கான்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

புதியவர்கள் வராமல் இல்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் தேநீர் வாங்கிக் குடிக்கிறார்கள், போய்விடுகிறார்கள். அப்புறம் வருவதே இல்லை. ஆறு வருடம் அத்தனை பேருக்கும் தேநீர் ஊற்றியவள் நீ. யாருக்கு எங்கே வலிக்கும் என்று உனக்குத்தான் தெரியும். என்ன குறை என்று சொல்.

உன் உல்கான்

*

அட்-பாஷி
19 செப்டம்பர் 1999

அன்புள்ள உல்கானுக்கு,

பேருந்து ஓட்டுநர் உன் கடிதத்தைக் கொடுத்தார். மூன்று தடவை படித்தேன். மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் காணோம்.

வாசலில் தேநீர் என்கிறாயே, எதில் கொடுக்கிறாய்? உன் கை எனக்குத் தெரியும். நான் போன மறுநாளே பெரிய பெரிய குவளையாக வாங்கி, ஒரே ஊற்றாக விளிம்புவரை ஊற்றி நீட்டியிருப்பாய்.

அடி பாவி! நிறைய ஊற்றிக் கொடுத்தால் 'குடிச்சுட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். நம் ஊரில் நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியுமே! அரைக் கிண்ணம் ஊற்றினால்தான் சீக்கிரம் காலியாகும், நம்மிடம் திரும்பி வரும், மறுபடி ஊற்றலாம், பேச்சும் வளரும். உன் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் 'வாருங்கள்' என்று பிரசங்கிக்கிறார். நீ வாசலில் நின்று 'போங்கள்' என்று ஊற்றிக் கொடுக்கிறாய்.

"இது சபையா, டீக்கடையா? ரெண்டு மணி நேரம் டீ ஊத்துறதெல்லாம் ஒரு ஊழியமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாயே, அது இன்னும் வலிக்கிறது. அதனால்தான் மகள் வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் நம் சபை சாகக்கூடாது. குவளைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரையில் விரிப்பை விரி.

புருல்சா

*

கோச்கோர்
24 அக்டோபர் 1999

என் புருல்சாவுக்கு,

குவளைதான். பழைய பள்ளிக்கூடத் தகரக் குவளை. குவளைதானே, கிண்ணம் இல்லையே என்று நினைத்துவிட்டேன். இரண்டு வாரம் வந்து நின்றுபோன கம்பளிக்காரி குல்சுனைச் சந்தையில் பிடித்துக் கேட்டேன். "ஆமாக்கா, நீங்கதான விரட்டினீங்க? அதுவும் சிரிச்சுக்கிட்டே!" என்றாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது.

அந்த ஞாயிறே விரிப்பை விரித்தோம். பொரித்த ரொட்டியைக் குவித்தோம். தச்சர் துயிஷோனும் தம்பி காதிரும் ஒரு குதிரைக்காக ஐந்து வருடம் பேசாமல் இருந்தார்களே, இடமில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. கிண்ணம் கை மாறித்தானே போகும்? ஏழாவது தடவை தம்பி நீட்டும்போது, "அண்ணே, சூடு, பாத்து" என்றான். துயிஷோன் அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

இப்போது இருபத்தாறு பேர். செவ்வாய்க்கிழமை பனி விழுந்தது, மூடுவதா என்று பார்க்க இன்று பாலிக்சி மூப்பர் வந்தார். பதினான்கு அரைக் கிண்ணம் குடித்து, பேருந்தையும் விட்டுவிட்டார். "இந்தச் சபைய எப்படிம்மா மூடுறது? எந்திரிக்கவே விட மாட்டேங்கிறீங்களே!" என்றார். பிழைத்துவிட்டோமடி!

எல்லோர் முன்னாலும் உன்னைப் பேசினேன். அதனால் இன்று எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன்: "புருல்சா செஞ்சது ஊழியந்தான். அவள விரட்டுனது நான்." உன்னிடமும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு. வெந்நீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் உன் இடம் காலியாக இருக்கிறது. இப்போதைக்குக் குல்சுன் ஊற்றுகிறாள், பாதியைக் கீழே.

உல்கான்

*

அட்-பாஷி
2 நவம்பர் 1999

உல்கான்,

இதைக் கொண்டுவரும் ஓட்டுநரிடமே சனிக்கிழமைக்கு இடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் இருப்பாய் என்று மகள் கேட்கிறாள். "அவ ஊத்துறதப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் கிண்ணத்தில் குல்சுன் வேண்டாம், நீயே ஊற்று. எவ்வளவு என்று நான் சொல்லப் போவதில்லை.

உன் புருல்சா