வினோத மரணம் என்று போட்டிருந்தார்கள்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயப்போடும் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதும் உள்ளே இழுப்பதுமாகப் பாதி நாள் போய்விட்டது. ஐஸ்பெட்டியைத் துடைத்தேன். நேற்றும் துடைத்தேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. தேவாலயப் பங்கு ஆட்கள் வருவது நின்றுவிட்டது. கீழ்த்தளத்தில் போட்டிருந்த நாற்காலிகளையும் எடுத்துப் போய்விட்டார்கள். இனி நானும் மகள் ஜெனியும்தான்.

ஒரு தடவையாவது நேராக எழுதிப் பார்க்கிறேன். என் கணவர் அந்தோணி, சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கிற குன்றுக்குக் காலை நடை போனவர், தலையில் டுரியான் பழம் விழுந்து இறந்துபோனார்.

எழுதினாலும் நம்புகிற மாதிரி இல்லை.

நான் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. 'தலைக்கு மேல என்ன இருக்குன்னு முதல்ல பாரு' என்று ஆட்களிடம் கத்துவதுதான் என் பிழைப்பு. இதை நினைத்து யாராவது சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

தூத்துக்குடியிலிருந்து சேவியர் போன் செய்தான். அவருடைய தம்பி.

"அண்ணி, அம்மாகிட்ட மரக்கிளை ஒடிஞ்சு விழுந்துட்டுன்னுதான் சொல்லியிருக்கோம். நீங்களும் அதையே சொல்லுங்க."

"ஏன், பழம்னு சொன்னா என்ன?"

"கேக்குறவன் சிரிப்பான் அண்ணி. துக்கத்துக்கு நாலு பேர் வந்து போற வீடு."

சரி என்றேன். கிளை. போனை வைத்த பிறகு கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மறுபடி துணிக் கழி.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். ஜெனி இன்றும் பள்ளிக்குப் போகவில்லை. உயர்நிலை மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவள் வகுப்பு வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு டுரியான் படம் போட்டு, உடனே அழித்தும்விட்டார்களாம். அழித்ததுதான் அவளுக்கு வலி. "அவங்களுக்கே தெரியுதும்மா, அப்புறம் ஏன் போடணும்?"

அவரைப் பற்றிய இணையச் செய்திக்குக் கீழே வந்திருக்கிற கருத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓசிப் பழத்துக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான். அரசாங்க மரம் லா, பறிக்கவே கூடாது. நியூட்டனுக்கு ஆப்பிள், இவருக்கு இது. எல்லாவற்றுக்கும் கண்ணீர் வரச் சிரிக்கிற முகங்கள்.

"படிக்காதடி."

"நீங்க மட்டும் படிக்கிறீங்க. உங்க போன்ல ஹிஸ்டரி பாத்தேன்."

உண்மைதான். அது மட்டுமில்லை, மற்றவர்களுடையதையும் படிக்கிறேன். 'வினோத மரணம்' என்று தட்டினால் வந்துகொண்டே இருக்கிறது. கூரையிலிருந்து உருண்ட பூசணிக்காய். காற்றில் பறந்து வந்த தண்ணீர்த் தொட்டி மூடி. பிறந்தநாள் பலூனைத் தொண்டைக்குள் இழுத்துக்கொண்ட ஒரு பெரிய மனிதர். எந்தெந்த ஊரோ. முன்பெல்லாம் நானும் அவரும் சாப்பிடும்போது இதையெல்லாம் ஒருவருக்கொருவர் படித்துக்காட்டியிருக்கிறோம். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

இப்போது நேராகக் கடைசிப் பத்திக்குப் போகிறேன். மனைவி உண்டா, பிள்ளைகள் உண்டா. அநேகமாக ஒன்றும் இருக்காது. பூசணிக்காயைப் பற்றி எல்லாம் இருக்கும், எடை உட்பட.

அந்தப் பெண்களெல்லாம் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள்? ஐஸ்பெட்டி துடைப்பார்களா?

ஜூலை 10, வியாழன்

போலீஸ் விசாரணை அதிகாரி போன் செய்தார். சின்ன வயதுக் குரல், மரியாதை. உங்கள் கணவர் வழக்கமாக டுரியான் பொறுக்கப் போவாரா மேடம்? இல்லை என்றேன். அவருக்குச் சர்க்கரை. எனக்கு அந்த வாடையே ஆகாது, வீட்டுக்குள் ஒரு நாள்கூட வந்ததில்லை. அப்படியென்றால் பாதையை விட்டு அவ்வளவு உள்ளே ஏன் போனார்? தெரியாது. தெரியாது என்பதை அவர் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

பட்டறையில் இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். காரணமில்லாத விபத்து கிடையாது, போய் எழுதிக்கொண்டு வா என்பேன். பழுத்தது, விழுந்தது. அது புரிகிறது. அவர் ஏன் அங்கே?

வீட்டில் இருக்க முடியாமல் எம்ஆர்டி ரயில் ஏறி லிட்டில் இந்தியா போனேன். வாங்க ஒன்றுமில்லை. கருவேப்பிலை வாங்கினேன். நடைபாதையில் நடக்கும்போது கடையோர ஐந்தடி வழிக் கூரை, தொங்கும் மின்விளக்குத் தோரணம், கடைப் பலகை எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்துப் பார்த்து ஒருவர் காலை மிதித்துவிட்டேன்.

சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசையில் இரண்டு பேர்.

"டுரியான் விழுந்து ஒருத்தர் போனாரே, எந்த ஏரியா லா அது?"

"புக்கிட் பாத்தோக். புளோக் நம்பர் தெரிஞ்சா ஃபோர்-டி லாட்டரி எடுக்கலாம். இந்த மாதிரிச் சாவுக்குக் கட்டாயம் அடிக்கும்."

நான் திரும்பி, "எனக்குத் தெரியும் அண்ணே" என்று ஒரு நம்பர் சொன்னேன். அந்த வட்டாரத்திலேயே இல்லாத புளோக். அவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். முகத்தில் கள்ளமே இல்லை. என் தோசையை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரயிலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. எதிர் சீட்டுப் பெண் டிஷ்யூ கொடுத்தாள்.

ஜூலை 12, சனி

மதியம் வாசலில் ஒரு சீனப் பெரியவர். கையில் ஆரஞ்சுப் பழப் பை. டான் என்றார். நான்தான் அன்றைக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அரசாங்க மரம் என்ற பயத்தில் போலீஸிடம் முழுதும் சொல்லவில்லையாம்.

உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை. மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார். அவர் சொன்னது இவ்வளவு: டுரியான் பருவத்தில் அவரும் இன்னும் இரண்டு பேரும் விடிகாலையில் குன்றில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து பழம் விழக் காத்திருப்பார்களாம். அந்தோணியும் கூட. இன்றைக்கு நேற்றில்லை. ஆறேழு பருவமாக.

"ஆறேழு வருஷமா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா?" அவர் முகம் மாறிவிட்டது. "தெரியும்னு நினைச்சேன் லா. மனைவிக்கு வாடை பிடிக்காது, அதனால இங்கயே சாப்பிட்டு, குழாய்ல வாய் கழுவி, புதினா மிட்டாய் போட்டுட்டுத்தான் போவேன்னு சொல்லுவார். எங்களுக்கு அது பெரிய சிரிப்பு."

புதினா மிட்டாய். காலை நடைக்கு எதற்கு மிட்டாய் என்று நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு ஒரு பழம் விழுந்த சத்தம் கேட்டு அந்தோணி எழுந்தாராம். டான் ஹெல்மெட்டை நீட்டியிருக்கிறார். அவர்கள் எப்போதும் வைத்திருப்பார்களாம். 'ஒரு நிமிஷம்தானே' என்று கையை ஆட்டிவிட்டு இவர் ஓடினாராம். குனிந்து எடுக்கும்போது அடுத்தது.

"நான் இன்னும் சத்தமா சொல்லியிருக்கணும்" என்றார் டான். "பிடிச்சு நிறுத்தியிருக்கணும்."

எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும் போலவும் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஜெனியிடம் கத்தினேன், அவள் ஒன்றும் செய்யாமலே. சர்க்கரை நானூறு ஏறட்டும் என்று தின்றிருக்கிறார். நான் இங்கே கேழ்வரகு, வெந்தயம் என்று பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். ஒரு பழத்துக்காக. ஹெல்மெட் நீட்டியும் போடாமல். என் கணவர்!

"அப்பாவுக்கு ஃப்ரெண்ட்ஸ் இருந்திருக்காங்கம்மா" என்றாள் ஜெனி. அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

வேலைக்குப் போனேன். வீட்டைவிடப் பட்டறை மேல். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் எனக்கு இடம் விட்டு எழுந்தார்கள், காலி இடம் இருக்கும்போதே.

காலைக் கூட்டத்தில் ஆட்கள் வழக்கத்தைவிட ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஹெல்மெட் தாடைவாரைக்கூட நான் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. அத்தனை கண்ணும் தரையில்.

கேன்டீன் அறிவிப்புப் பலகையில் புதிய சுவரொட்டி. மேலே பார்! என்று கொட்டை எழுத்து. கண்ணும் பல்லும் வைத்த ஒரு டுரியான் இளித்துக்கொண்டு விழுகிறது. கீழே ஒரு குச்சி மனிதன், தலையைச் சுற்றி நட்சத்திரங்கள். 'அண்மையில் நடந்த உண்மைச் சம்பவம்.'

ஃபைசால் ஒட்டியது. அடுத்த பகுதியின் பாதுகாப்பு அதிகாரி, ஜோகூரில் விடுப்பில் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. யாரோ ஓடிப்போய் இப்போது சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்க வந்து நின்றான். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பவே கிழிச்சிடறேன்."

பலகையில் கை வைத்துவிட்டான். "விடு" என்றேன்.

"அக்கா..."

"விஷயம் சரிதானே. தலைக்கு மேல பாக்கணும். ஹெல்மெட் போடணும். அதுல என்ன தப்பு?" என் குரல் எனக்கே பட்டறைக் குரலாக இருந்தது. "ஆனா அந்தப் பழத்துக்குக் கண்ணு வேணாம். சிரிப்பு வேணாம். அந்த ஆளுக்கு மீசை வரை. அவருக்கு மீசை உண்டு. பேரு அந்தோணி."

சாயங்காலம் வேறு சுவரொட்டி இருந்தது. ஃபைசாலே பேனாவால் வரைந்தது. படம் சுமார்தான். மீசை கொஞ்சம் பெரிது. ஒரு மனிதன், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

தூத்துக்குடியிலிருந்து அத்தை வீடியோவில் கூப்பிட்டார். தானாகவே. வழக்கமாகச் சேவியர்தான் போட்டுக் கொடுப்பான். கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிந்தது.

"ஏ ஸ்டெல்லா, சேவியர் வெளிய போயிருக்கான். பக்கத்து வீட்டுப் புள்ளைட்டச் சொல்லிப் போடச் சொன்னேன். நீ நெசத்தச் சொல்லு. கிளையா?"

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"டிவில போட்டான்ட்டி. வினோத மரணம்னு. பேரச் சொல்லல. சிங்கப்பூருன்னான், நாப்பத்தாறு வயசுன்னான். செத்தது எம்புள்ள. எனக்குத் தெரியாதா?"

"பழம்தான் அத்தை."

"ம்."

அழுவார் என்று பார்த்தேன். சேவியரைத் திட்டுவார் என்று பார்த்தேன். போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். விசிறியும் கூரையும் சுற்றி வந்தன.

"அது என்ன பழம்? திங்கிறதுதானா?"

"ஆமா. இங்க எல்லாரும் திம்பாங்க."

"அவனுக்குப் புடிக்குமா?"

"ரொம்பப் புடிக்குமாம்."

"எப்படி இருக்கும்?"

தெரியாது என்றேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. அத்தைக்கு அது ஆச்சரியமாக இருந்தது. "ஒரு வாய் தின்னுட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக் கழுவினேன். கழுவினதையே.

ஜூலை 18, வெள்ளி

வெயிலும் தூறலும். வேலை முடிந்து நேராக ஜெனியை அழைத்துக்கொண்டு புக்கிட் பாத்தோக் டுரியான் கடைக்குப் போனேன். டானுக்குப் போன் செய்திருந்தேன். எங்களுக்கு முன்பே வந்து, பிளாஸ்டிக் மேசை முன்னால் பழம் தின்னும் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். கடைக்காரரோடு சீனத்தில் ஏதோ சண்டை போட்டு ஒரு பழத்தைத் தேர்ந்தெடுத்தார். மேசைமேல் வைத்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். வாடையால் இல்லை. அதன் முள். அதன் கனம்.

கடைக்காரர் கத்தியால் நெம்பிப் பிளந்தார். உள்ளே மஞ்சளாக, தூங்குகிற மாதிரி சுளைகள்.

ஜெனி முதலில் எடுத்தாள். முகத்தைச் சுளித்து, மென்று, நின்று, இன்னொன்று எடுத்தாள்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். முதலில் குமட்டல். துப்பலாம் என்று டிஷ்யூவைக் கையில் எடுத்துவிட்டேன். அதற்குள் அது வாயில் கரைந்து போய்விட்டது. இதற்காகவா என்று கோபம் வந்தது. கோபத்தோடு இன்னொன்று தின்றேன்.

அங்கேயே அத்தையைக் கூப்பிட்டேன். சேவியர்தான் எடுத்தான். "பழத்தப் பத்தி அம்மாகிட்ட ஏன் அண்ணி..." என்று ஆரம்பித்தான். பின்னாலிருந்து அத்தை போனைப் பிடுங்கினார்.

"தின்னியா?"

"தின்னேன் அத்தை. நாத்தம் தாங்கல. வாயில போட்டா பால்கோவா மாதிரி குழையுது. கடைசில ஒரு கசப்பு. பலாப்பழம் மாதிரியெல்லாம் இல்ல."

"நல்லா இருக்கா?"

கொஞ்சம் யோசித்தேன். "நல்லாத்தான் இருக்கு."

போனைத் திருப்பி டானைக் காட்டினேன். அவரோட கூட்டாளி, கடைசி வரைக்கும் கூட இருந்தவர் என்றேன். டான் கையுறையோடு கும்பிட்டார். அத்தையும் கும்பிட்டார்.

"அவருட்ட ஒண்ணு கேளு" என்றார் அத்தை. "அன்னைக்கு அவன் தின்னுட்டுத்தான் போனானா, திங்காமலே போயிட்டானா?"

டானிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். சாப்பிட்டார், சாப்பிட்டார். முதலில் ஒன்று விழுந்தது, அதை எல்லோரும் உடைத்துச் சாப்பிட்டோம், இந்தப் பருவத்திலேயே அதுதான் நல்ல பழம் என்று அவரே சொன்னார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது சத்தம் கேட்டு எழுந்தார்.

"சாப்பிட்டாராம் அத்தை."

திரையில் விசிறி மட்டும் சுற்றியது. சேவியர் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"எத்தன சுளை?" என்றார் அத்தை.

கேட்டேன். டான் மஞ்சள் அப்பிய கையுறையில் மூன்று விரலை நீட்டினார். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, நான்காவதையும் நீட்டினார்.