கேமராவைக் கழற்றியது நான்தான்

ஊரப்பாக்கம்,
வியாழக்கிழமை

அன்புள்ள எழிலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல்தான் இருக்கிறோம், நீயும் சினேகாவும் குழந்தையும் அங்கே டல்லாஸில் நல்லபடியாக இருக்க வேண்டும், அதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. ஐந்து நாளாக நீ போன் அடிக்கிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் நடுவில் பாய்ந்து அம்மா ஒரு நிமிஷம், நான் சொல்றதைக் கேளு என்பாய், நானும் வாயை மூடிக்கொள்வேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியவள், உன்னிடம் மட்டும் பேசத் தெரியாதவளாக ஆகிவிட்டேன். அதனால்தான் கடிதம், இதில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரைக்கும் படி. கேமரா கறுப்பாகத் தெரியுது, மழையில் போயிடுச்சா என்று அப்பாவுக்கு நாலு மெசேஜ் போட்டிருக்கிறாயாம். கேட்டுக்கு மேலே நீ மாட்ட வைத்த அது ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, இந்த முட்டி வலியோடு, நானே ஸ்க்ரூவைத் திருகிக் கழற்றி பழைய துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் புயல் அடித்த திங்கட்கிழமை தெருவில் இடுப்பளவு தண்ணீர், நம் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை, அது உனக்குப் பெரிய பெருமை. அன்றைக்கே உன் பிரெண்ட்ஸ் எல்லாருக்கும் போட்டோ அனுப்பினாயே. நாலு நாள் கரண்ட் இல்லை, பால் இல்லை, குடிக்கிற தண்ணீரை மொட்டை மாடியில் குண்டான் வைத்துப் பிடித்தோம், அதெல்லாம் எல்லார் வீட்டிலும் உள்ள கதைதான். ஆனால் பக்கத்து வீட்டு அஜீசா வீட்டில் ஜன்னல் கட்டை வரைக்கும் ஏறின தண்ணீர் நாலு நாளும் இறங்கவே இல்லையே, அது ஏன் என்று உனக்குத் தெரியாதா? நம் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்த மூன்றடி சந்து நம் பட்டாவில்தான் இருக்கிறது, சரி, நான் இல்லை என்று சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாகத் தெருத் தண்ணீர் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் பின்னால் ஏரிக் கால்வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மே மாதம் நீ அங்கிருந்தே பிளான் போட்டு, வீடியோ காலில் நின்றுகொண்டே சந்தின் வாயில் ஐந்தடி சுவர் எழுப்ப வைத்தாய். கடைக்கால் தோண்டும்போது அஜீசா வந்து, அக்கா, அடியில ஒரு பைப்பாவது போட்டு விடுங்க, மழைக்கு எங்க வீடுதான் பள்ளம் என்று கேட்டாள். தம்பிகிட்ட கேட்டுச் சொல்றேன் என்றேன். எலி வரும், பாம்பு வரும், ஓட்டை கீட்டை எதுவும் வேண்டாம் என்றாய் நீ. அந்தப் பதிலைக்கூட நான் போய் அவளிடம் சொல்லவில்லை எழில், அவ்வளவு கோழையாக இருந்தேன். சுவர் எழும்பியதும் அவளே தெரிந்துகொண்டாள்.

தண்ணீர் வடிந்து சனிக்கிழமை அவள் வீடு திரும்பியிருக்கிறாள் என்று தெரிந்ததும் டிபன் கேரியரில் இட்லியும் ஒரு பை பிளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே முட்டி வரைக்கும் சேறு. பிரிட்ஜ் மல்லாக்கப் படுத்துக்கொண்டு கிடக்கிறது, பீரோவில் இருந்த துணியெல்லாம் சாக்கடை நாற்றம். அவள் துடைப்பத்தை விடாமல், நிமிர்ந்தும் பார்க்காமல், வெச்சிட்டுப் போங்கக்கா என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன பண்ணேன் உனக்கு, நாலு நாளா எங்க போனேன்னுகூடச் சொல்லாம இப்ப மூஞ்சியத் திருப்பிக்கிற என்று நான்தான் முதலில் சண்டை போட்டேன், வெட்கம் கெட்டவள். அப்போதுதான் அவள், வேணாம்னா நீங்களே மாடியிலேர்ந்து சொல்லியிருக்கலாமேக்கா, புள்ளைய விட்டு அந்தப் பொட்டியில பேச வெக்கணுமா என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் மாமனார் மைதீன் பிச்சையைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் அவள் மகன் ஷாகுலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, இடுப்புத் தண்ணீரில் நம் கேட் வரைக்கும் வந்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாததால் பெல் அடிக்கவில்லை, கேட்டைத் தட்டியிருக்கிறார்கள். அந்தக் காற்றுச் சத்தத்தில், கதவெல்லாம் சாத்திக்கொண்டு மாடியில் இருந்த எங்களுக்கு எது கேட்டது? ஆனால் இன்வெர்ட்டரில் ஓடுகிற உன் கேமராவுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. யாரது, சுவர்ல கை வெச்சா போலீஸுக்குப் போன் பண்ணுவேன் என்று, அங்கிருந்து நீ பேசுகிற ஸ்பீக்கரில், உன் குரலில் அது கத்தியிருக்கிறது. அவள் அண்ணாந்து பார்த்து, எழில் தம்பி, நான்தான்பா அஜீசா, மாமாவ மட்டும் உங்க மாடியில உக்கார வெச்சுக்கறேன் என்றாளாம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அதற்கு நீ, ஆண்டி, ஒருத்தரை விட்டா தெருவே வரும், வேற எங்கயாவது பாருங்க என்றாயாம்.

நான் ஸ்கூல் விட்டு டிரெயின் பிடித்து வந்து சேர ஐந்தரை ஆகும், அதுவரைக்கும் உன்னை மடியில் போட்டுக்கொண்டு சோறு ஊட்டினது யார்டா? ஆள் தெரியாமல் விரட்டியிருந்தாலாவது மனசை ஆற்றிக்கொள்வேன், ஆண்டி என்று கூப்பிட்டே விரட்டியிருக்கிறாய். அதோடு விட்டாயா, பத்து நிமிஷத்தில் எனக்குப் போன் செய்து, சுவரை உடைக்க ஆளுங்க வந்தாங்க, பேசி அனுப்பிட்டேன், கேட்டைத் திறக்காதேம்மா என்றாய். நானும் சரிப்பா என்றேன், பத்திரமா இருங்க என்று சொல்கிறானே என் பிள்ளை என்று அப்பாவிடம் பெருமைகூட அடித்துக்கொண்டேன். அவர்கள் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு கல்யாண மண்டபம் வரைக்கும் நடந்திருக்கிறார்கள். பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு, இப்போது அஸ்தினாபுரத்தில் அவள் தங்கை மெஹ்னாஸ் வீட்டில் படுத்திருக்கிறார். பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள், அது உன் அதிர்ஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், சுவரைக் கட்டின அதே கொத்தனார் ஜெரோமை வரவழைத்தேன். அவன் கேமராவைப் பார்த்ததும் ரெண்டடி பின்னால் போய், இன்னா டீச்சரம்மா, ஒரே பேஜாரா கீது, கட்டும்போதே உங்க புள்ள அந்தப் பொட்டிலேர்ந்து என்னைத் திட்டிக்கினே இருந்தாரு, இப்ப இடிச்சா உள்ள தள்ளிடுவாரு என்றான். அதற்குத்தான் ஸ்டூல் போட்டு ஏறினேன். உங்கப்பா, எழில்கிட்ட ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தார், நான் பார்த்த பார்வையில் மீதியை முழுங்கிவிட்டார். அப்புறம் என்ன தோன்றியதோ, அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை வாங்கி முதல் இடி இடித்தார், இடுப்பு பிடித்துக்கொண்டு இன்னும் தைலம் தேய்க்கிறார். பாதி சுவர் விழுந்தபோது அஜீசா அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தம்பிகிட்ட கேட்டீங்களாக்கா என்றாள். குத்தலாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. கேட்கல அஜீசா, இனிமே கேட்க மாட்டேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் தாழ்வு மண்டலம் என்று நல்ல மழை பிடித்தது, தெருத் தண்ணீர் நம் சந்து வழியாக ஓடிக் கால்வாயில் விழுந்தது, அவள் வாசற்படியோடு நின்றது. நம் சம்ப்புக்குள் கொஞ்சம் சேறு இறங்கி, நீ ஆசையாக வாங்கி வைத்த மோட்டார் போய்விட்டது. போகட்டும், நாங்கள் வாளியில் இறைத்துக்கொள்கிறோம்.

பட்டா, வக்கீல் என்று எதையும் ஆரம்பிக்காதே. வீடு என் பேரில் இருக்கிறது, நான் உயிரோடு இருக்கும் வரைக்கும் அந்தச் சந்தில் ஒரு செங்கல் வைக்க விடமாட்டேன். உங்கள் பாதுகாப்புக்குத்தானே செய்தேன் என்பாய். இந்த வயசில் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் நான் ஓடிப்போய்த் தட்ட வேண்டிய கதவு அவளுடையதுதான், டல்லாஸில் இருக்கிற உன்னுடையது இல்லை. அவள் இன்னும் நம் கேட்டுக்குள் கால் வைக்கவில்லை. கேரியரைக் கழுவி மதில் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள், உள்ளே எப்போதும் போட்டு அனுப்புகிற இரண்டு பேரீச்சம்பழம்கூட இல்லை, வெறும் கேரியர்.

அவள் போன் தண்ணீரில் போய்விட்டது, ஷாகுல் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ கூப்பிடு. அவள் உன் பேரைச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள், நீ இருநூறு தடவை கேட்க வேண்டியிருந்தாலும் கேள். சாரி ஆண்டி என்று மெசேஜ் போட்டு முடித்துவிடாதே, வாயால் பேசு, எனக்குத் தெரியாமல் போகாது. குழந்தைக்குக் குளிரில் காதை மூடி வை, சினேகாவை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று இத்தனை கோபத்திலும் தினம் விளக்கேற்றும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், பெற்ற பாவத்துக்கு. அஜீசா உன்னோடு பேசிவிட்டாள் என்று அவள் வாயால் எனக்குத் தெரிய வேண்டும். அதுவரைக்கும் நீ எத்தனை தடவை அடித்தாலும் நம் வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம், வேற எங்கயாவது பார்.

இப்படிக்கு உன் அம்மா,
அஞ்சம்மாள்

அப்பாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார். போட்டிருக்கிறார்.
வே. வேதாசலம்