‘கட்டில்’ கவிதைக்கு மூன்று கூட்டங்கள்

மந்தாரக்குப்பம்
5.6.2000

அன்புள்ள தனம்,

ஆறு வருஷத்துக்குப் பிறகு உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும், பிரிப்பதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்திருப்பாய். பிரித்துவிட்டாய். சந்தோஷம்.

உன்னைத் தமிழ்நிலா என்று கூப்பிட எனக்கு இன்னும் நாக்கு வளையவில்லை. டவுன்ஷிப் பத்தாம் பிளாக்கிலிருந்து ஒரே சைக்கிளில் என்னோடு பள்ளிக்கூடம் வந்த தனகோடி எனக்குத் தனம்தான். கோபித்துக்கொள்ளாதே.

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிக்கிறோம். அதோடு வருஷத்துக்கு இரண்டு கவிதைப் புத்தகமாவது போடுகிறேன். வேலிக்காத்தான் பதிப்பகம் என்று பெயர். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமலே வளரட்டும் என்று வைத்த பெயர்.

போன மாதம் ஒரு பத்திரிகையில் உன் பேட்டியைப் படித்தேன். புதுத் தொகுப்பு தயார், பதிப்பாளர்தான் அமையவில்லை என்று சொல்லியிருந்தாய். எனக்குக் கொடு. நல்ல தாளில் போடுகிறேன். மனசில் எதையும் வைத்துக்கொண்டு எழுதவில்லை.

உன்
வினோலியா

தாம்பரம்
11.6.2000

அன்பு வினோ,

கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "ஏம்மா அழறே?" என்று கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

‘கட்டில்’ கவிதை வந்த வாரம் நீ அனுப்பிய கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘இனி எனக்கு எழுதாதே’ என்று ஒரே வரி. அந்தக் கார்டுக்கு மனசுக்குள் நான் எழுதாத பதில் இல்லை.

இங்கே இரண்டு பதிப்பகத்தில் படி ஏறி இறங்கிவிட்டேன். ஒருவர் ஆறு மாதம் வைத்திருந்து கையெழுத்துப் பிரதியைத் தொலைத்துவிட்டு, வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டார். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ‘சாம்பல் விழும் மாடி’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். பெயரைக் கேட்டதும் உனக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த நம் ஊர் மாடியும் காயப்போட்ட துணியும் ஞாபகம் வந்திருக்கும். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அம்மா எப்படி இருக்கிறார்கள்? கேட்க உரிமை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

என்றும் உன்
தனம்

மந்தாரக்குப்பம்
28.6.2000

அன்புள்ள தனம்,

பிரதி கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். நன்றாக இருக்கிறது. என் யோசனை ஒன்றுதான். புதுக் கவிதைகளோடு ‘கட்டில்’ கவிதையையும் சேர்த்துவிடலாம். உன் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் அதைத்தான் கேட்கிறார்கள்.

மூன்று கூட்டம் போடலாம் என்று இருக்கிறேன். முதலில் சேத்தியாத்தோப்பு, அடுத்தது வளையமாதேவி, கடைசியாக நம் டவுன்ஷிப். மூன்றிலும் நீயே வாசிக்க வேண்டும். மூன்றிலும் ‘கட்டில்’ இருக்க வேண்டும்.

அம்மா பண்ருட்டியில் சித்தி வீட்டில் இருக்கிறார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தங்கை கிறிஸ்டினா சொன்னாள். என்னோடு பேச்சுவார்த்தை இல்லை.

வினோ

தாம்பரம்
4.7.2000

அன்பு வினோ,

நீ இப்படி எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் நீ நிஜமாகத்தான் சொல்கிறாயா?

உன் அம்மா ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் மைன்ஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அத்தனை பேர் முன்னால் உன் அப்பாவின் சட்டையைப் பிடித்து, "அந்தப் பொம்பள வூட்டுக்கே போயிடு" என்று கத்தியது டவுன்ஷிப்புக்கே தெரியும். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸ் கதவு மூடியதும் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லி உன் அப்பா உன் அம்மாவை மூன்று நாள் கட்டிலோடு கட்டிப்போட்டதையும், பதினாறு வயசு உன் கையில் கயிற்றைக் கொடுத்ததையும் நீதான் ஏழு வருஷம் கழித்துத் தொண்ணூறில் எனக்கு எழுதினாய். யாரிடமும் சொல்லாதே என்றும் எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கவிதை வந்தது, எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதை உன் ஊரிலேயே, உன் முன்னாலேயே வாசிப்பதா?

தனம்

மந்தாரக்குப்பம்
10.7.2000

அன்புள்ள தனம்,

அப்பா போய் எட்டு வருஷம். கவிதை வந்த மாதம் அடுத்த வீட்டு நாகம்மாள் அதை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். கட்டியது யார் என்று அம்மாவுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். மறுநாளே பையை எடுத்துக்கொண்டு பண்ருட்டிக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்டினாவுக்கு நிச்சயம் பண்ணியிருந்த இடத்தில், பைத்தியக்கார வீடு என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவளுக்கு நல்ல இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

இவ்வளவுதான் நடந்தது. எல்லாம் ஆறிப்போன விஷயம். நல்ல கவிதை நல்ல கவிதைதான். நீ வாசி.

அட்டைப் படம் அனுப்பியிருக்கிறேன். உன் போட்டோ பின்னட்டையில் வருகிறது. பிழை பார்த்து உடனே திருப்பி அனுப்பு.

வினோ

தாம்பரம்
17.7.2000

அன்பு வினோ,

அட்டை அருமை. சின்ன மனத்தாங்கல் ஒன்று. என் பெயரைவிடப் பதிப்பகத்தின் பெயர் பெரிதாகத் தெரிகிறது. போஸ்டரிலாவது ‘கவிஞர் தமிழ்நிலா’ என்பதைக் கொட்டை எழுத்தில் போடு. போட்டோவும் பழசு, அப்போது கொஞ்சம் ஒல்லியாக இருந்தேன். பரவாயில்லை, அதுவே இருக்கட்டும்.

தனம்

மந்தாரக்குப்பம்
14.8.2000

அன்புள்ள தனம்,

புத்தகம் தைத்து முடிந்தது. போஸ்டரில் உன் பெயர் கொட்டை எழுத்தில்தான். கம்பெனி பஸ் நிற்கிற இடமெல்லாம் ஒட்டியாயிற்று. லோக்கல் கேபிளில் படத்துக்குக் கீழே எழுத்து ஓடுகிறது. ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வாங்க வருகிறவர்கள் கையிலெல்லாம் ஒரு நோட்டீஸ் வைத்து அனுப்புகிறேன். சர்ச்சில் பூசை முடிந்ததும் வாசலில் நின்று நானே கொடுத்தேன்.

முகூர்த்த வேலை நெருக்குகிறது. முதல் இரண்டு கூட்டத்துக்கும் என்னால் வர முடியாது. சேத்தியாத்தோப்பில் கண்ணையன் சார் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து உன்னை அழைத்துக்கொள்வார், அங்கே தமிழாசிரியர். எப்படிப் போனது என்று ஒன்றுவிடாமல் எழுது.

வினோ

தாம்பரம்
29.8.2000

அன்பு வினோ,

ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன்.

சேத்தியாத்தோப்பு மண்டபத்தில் நாற்காலி பற்றாமல் ஜமக்காளம் விரித்தார்கள். சந்தைக்கு வந்தவர்கள்கூடக் கூடையோடு நின்று கேட்டார்கள். நான் ‘கட்டில்’ வாசித்தேன். உனக்கே தெரியும் அந்த இடம்:

கட்டிலுக்குக் கால்கள் நான்கு
அம்மாவுக்குக் கைகள் இரண்டு
மகள் இறுக்கினாள்
மூன்று முடிச்சு.

கண்ணையன் சார் எழுந்து, தாலிக்குப் போட்ட மூன்று முடிச்சும் கட்டிலில் போட்ட மூன்று முடிச்சும் ஒன்றுதான் என்று அரைமணி நேரம் பேசினார். பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வளையமாதேவியில் பள்ளிக்கூடத் திடல். பெரும்பாலும் பெண்கள், களையெடுத்துவிட்டு அப்படியே வந்தவர்கள். மாணிக்கம்மாள் என்று ஒருத்தர், "இது நெசமா நடந்துச்சாங்க?" என்று கேட்டார். என்னோடு படித்தவள் வீட்டில் நடந்தது என்றேன். "ஆத்தாள கட்டிப்போட்டுச்சே, அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது?" என்றார். நல்லாத்தான் இருக்கிறாள், இந்தப் புத்தகத்தைப் போட்டதே அவள்தான் என்றேன். உன் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை டவுன்ஷிப்பில் பார்ப்போம்.

உன்
தனம்

மந்தாரக்குப்பம்
31.8.2000

தனம்,

மூன்றாம் தேதி மாலை நான்கு மணி, மனமகிழ் மன்றம். முன்வரிசை நிறைந்துவிடும். ‘கட்டில்’ கடைசியில் வாசி.

வினோலியா

தாம்பரம்
6.9.2000

வினோலியா,

சொல்லாமல் கிளம்பிவிட்டேன் என்று ஊரில் பேசுவார்கள். பேசட்டும்.

நீ எனக்குப் போட்டது கூட்டம் இல்லை, பொறி. அந்த முதல் கடிதத்திலிருந்தே இதைத்தான் நினைத்திருக்கிறாய். அட்டை, போஸ்டர், கேபிள் எல்லாம் முன்வரிசையில் அந்த ஒரு நாற்காலிக்காக.

நான் பார்க்கவே இல்லை. நரைத்த தலை, மூக்குக் கண்ணாடி, யாரோ ஒரு அம்மா என்றுதான் நினைத்தேன். ‘மகள் இறுக்கினாள்’ என்ற வரியில் நிமிர்ந்தபோதுதான் அது உன் அம்மா, லூசியம்மா என்று தெரிந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவர்கள் உட்கார்ந்தபடியே சொன்னார்கள்: "படிம்மா தனம். ஏன் நிறுத்திட்ட? அடுத்தாப்ல நான்தான வரேன்."

படித்தேன். மீதிப் பதினான்கு வரியையும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். ஒரு கைகூடத் தட்டவில்லை. நீ மைக் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். உன் முகத்தில் இருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அம்மா எழுந்து மைக்குக்கு வருவதைப் பார்த்ததும் பின்வாசல் வழியாக ஓடிவந்து பஸ் ஏறிவிட்டேன்.

என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேரில் திட்டியிருக்கலாம். பெற்ற தாயை எதற்காக இழுத்து வந்தாய்?

தனகோடி

மந்தாரக்குப்பம்
12.9.2000

தனகோடி,

பொறிதான். இல்லை என்று சொல்லவில்லை. ஆறு வருஷம் யோசித்தேன். ஒருவருடைய அந்தரங்கத்தை மேடையில் வாசிப்பது எப்படி இருக்கும் என்று, அது யாருடையதோ அவர் முன்னால் நின்று நீ ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் புத்தகம் போட்டேன்.

அம்மாவை நான் இழுத்து வரவில்லை. அழைப்பிதழைக் கிறிஸ்டினாவிடம் கொடுத்தனுப்பினேன், ‘உங்களைப் பற்றித் தனம் வாசிக்கிறாள்’ என்று ஒரு சீட்டு வைத்து. பண்ருட்டி பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய் முன்னால் உட்கார்ந்தார்கள். உன்னை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பார்கள் என்று காத்திருந்தேன். சபிப்பார்கள் என்றுகூட ஆசைப்பட்டேன்.

நீ ஓடிய பிறகு நடந்ததைக் கேள். அம்மாவுக்கு மைக் எட்டவில்லை. இறக்கிக் கொடுத்தேன். அவர்கள் பேசியது இதுதான்:

"அந்தப் பொண்ணு நல்லாத்தான் எழுதியிருக்குது. ஆனா முடிச்சின்னு எழுதிக்கீதே, அது தப்பு. எம் பொண்ணு முடிச்சே போடல. சும்மா கையச் சுத்தி, நுனிய மெத்தைக்கடியில சொருவிட்டுப் போச்சி. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். இழுத்தா வந்துடும். எழுந்து போயிருக்கலாம். போனா, ஏன் சரியா கட்டலன்னு புள்ளயப் போட்டு அடிப்பானேன்னு, மூணு நாளும் கட்டுனாப்லியே படுத்துக்கினு இருந்தேன்."

அவ்வளவுதான். போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

முடிச்சுப் போடவில்லை என்று தொண்ணூறில் நான் உனக்கு எழுதியிருந்தேன். உனக்கு மூன்று முடிச்சு தேவைப்பட்டது, போட்டுக்கொண்டாய். அம்மா விழித்திருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பதினேழு வருஷமாக, அடிபட்டு மயக்கத்தில் இருந்தார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஏன் என்னை விட்டுப் போனீர்கள் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "கட்டுனதுக்கா போனேன்? அத ஊராங்கிட்ட எழுதத் தெரிஞ்சிச்சி, என்னாண்ட வந்து ஒரு வார்த்த சொல்லத் தெரியலியேன்னு போனேன்" என்றார்கள். உனக்கு வைத்ததில் நானும் விழுந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்காக உன்மேல் இருக்கிற கோபம் குறையவில்லை. கூடியிருக்கிறது.

வினோலியா

தாம்பரம்
18.9.2000

வினோ,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நான் செய்தது தப்பு. முடிச்சை நான்தான் போட்டேன். மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அம்மா சொன்னது என் கவிதையைவிடப் பெரிய கவிதை. கட்டாத கட்டிலில் மூன்று நாள் படுத்துக் கிடந்த ஒருத்தி. நேற்றிலிருந்து வரிகள் வந்துகொண்டே இருக்கின்றன, பாதி எழுதிவிட்டேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வாயா? அடுத்த பதிப்பில் பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டால், எல்லாவற்றுக்கும் பரிகாரம் செய்ததாக இருக்கும்.

தனம்

மந்தாரக்குப்பம்
25.9.2000

கவிஞர் தமிழ்நிலா அவர்களுக்கு,

பழைய கவிதையை எடுக்கப்போவதில்லை. மூன்று முடிச்சோடு அது அங்கேயேதான் இருக்கும்.

அம்மா பேசியதை, அன்றைக்கு மன்றத்துக்கு வந்திருந்த கண்ணையன் சார் டேப்பில் பதிவு செய்திருந்தார். ஒரு எழுத்து மாற்றாமல் தனித் தாளில் அச்சடித்து, ‘லூசியம்மாள் சொன்னது’ என்று தலைப்பு வைத்து, மீதி இருக்கிற அத்தனை பிரதியிலும் உங்கள் ‘கட்டில்’ முடிகிற பக்கத்துக்கு எதிரே ஒட்டியாயிற்று. ஒட்டியது நானும் அம்மாவும். பண்ருட்டியிலிருந்து தானாகவே வந்து, பத்து நாளாக என்னோடுதான் இருக்கிறார்கள். அதிகம் பேசுவதில்லை. பசை வாளியை மட்டும் என் பக்கம் தள்ளி வைக்கிறார்கள்.

நீங்கள் பாதி எழுதியதை அம்மாவிடம் சொன்னேன். "அதான் நானே சொல்லிட்டனே" என்றார்கள். ஆகவே அனுமதி இல்லை. எழுதி எங்கேயாவது வெளியிட்டால், இந்தத் தாள் அங்கேயும் வந்து சேரும்.

கடலூரிலும் விழுப்புரத்திலும் கூட்டம் கேட்கிறார்கள். அக்டோபர் எட்டும் பதினைந்தும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். போஸ்டரில் இரண்டு பெயர், இரண்டும் ஒரே அளவு எழுத்து. முதலில் நீங்கள் ‘கட்டில்’ வாசிக்க வேண்டும். அதன் பிறகு அம்மா பேசுவார்கள்.

நீங்கள் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும். உங்கள் கவிதையை நான் வாசிப்பேன்.

இப்படிக்கு
சை. வினோலியா
வேலிக்காத்தான் பதிப்பகம்