பேசக் கூடாத பாதை

மார்ச் 4, இரவு

அன்புள்ள அக்கா,

முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் கூடத் தங்கியிருக்கும் படகுக்காரம்மாவிடமும் காட்டாதே. அவர் நல்லவர் என்று எழுதியிருந்தாய். நல்லவர்கள்தான் எல்லாவற்றையும் அடுத்தவரிடம் சொல்லிவிடுகிறார்கள். படித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. ஆற்றில் மட்டும் போடாதே. அந்த ஆறு நேராக நம் ஊருக்குத்தான் வருகிறது.

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள். சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தாலும் டார்ச்சை அணைத்துவிடுகிறேன்.

விஷயம் இதுதான். அப்பாவின் பிஸ்கட் கம்பெனியில் இந்த வருடச் சுற்றுலாவுக்கு இடம் முடிவு செய்துவிட்டார்கள். எங்கே தெரியுமா? நீ வழிகாட்டி வேலை பார்க்கும் அதே பள்ளத்தாக்குக்கு. குடும்பத்தோடு வர வேண்டுமாம். அப்பா வந்து சொன்னதும் எனக்குக் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது. அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஆறு, மலைன்னு எனக்கும் ஒரு நாள் காத்து வாங்கணும். போவோம்" என்றாள்.

அவளுக்கு நீ அங்கே இருப்பது தெரியாது, அக்கா. போன வருடம் நீ வங்கி வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று அவள் சொன்னது நினைவிருக்கிறதா? "அவ எங்க இருக்கான்னு இந்த வீட்டுல யாரும் எங்கிட்ட சொல்லக் கூடாது. அவளோட இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்." நாங்களும் சொன்ன சொல் கேட்கிறவர்கள் ஆயிற்றே, இன்று வரை சொல்லவில்லை. இவ்வளவு காலமும் நீ இமயத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. நீ இருப்பது பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வருகிற தூரம்.

அன்றைக்குப் பள்ளத்தாக்கு வாசலில் அவள் உன்னைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும்? குடிநீர் அலுவலகத்தில் புகார் மேஜையில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் குரல் என்ன குரல் என்று உனக்கே தெரியும். அவளுக்குத் தொலைபேசியே தேவையில்லை என்பார் அப்பா. பிஸ்கட் கம்பெனி முழுவதும் பார்க்க அவள் உன்னைத் திட்டினால், பிறகு நீ வீட்டுப் பக்கமே வர மாட்டாய். நீ மறுபடி நம் அறைக்கு வர வேண்டும் என்பதுதான் எனக்கு. உன் கட்டிலில் நான் இன்னும் துணிகூடப் போடுவதில்லை.

என்ன செய்யட்டும்? வழக்கம் போல கண்டக்டர் விசில் மாமாவிடம் பதிலைக் கொடுத்துவிடு. அவர் பஸ் பள்ளி வாசலில் நிற்கும்போது வாங்கிக்கொள்கிறேன்.

உன் பயந்தாங்கொள்ளி,
குருவி

* * *

மார்ச் 8

என் குருவிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். படகுக்காரம்மா "காதல் கடிதமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இனி எனக்கு நிம்மதி கிடையாது.

அம்மா வருகிறாள் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஒரு வருடமாக எத்தனையோ பேருக்கு இந்த இடத்தைக் காட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் அவளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று தோன்றும். நுழைவாசலில் நிற்கும்போது நகரத்து அடுக்குமாடிகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், லாரி ஹாரன் கேட்கும். ஒரே ஒரு வளைவு திரும்பினால் போதும், யாரோ கதவைச் சாத்தியது போல எல்லாம் நின்றுவிடும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் பச்சைத் தண்ணீர். உச்சி வேளையில்தான் வெயில் அடிவரை இறங்கும். அந்தக் கொஞ்ச நேரம் ஆறு முழுவதும் அடியிலிருந்து விளக்குப் போட்டது போல இருக்கும்.

ஆனால் இப்போது கழுகுகள் கூடு கட்டியிருக்கும் காலம். குஞ்சுகள் பாறை விளிம்பில்தான் இருக்கின்றன. அதற்குக் கீழே போகும் பாதையில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்தப் பள்ளத்தில் ஒருவர் கத்தினால் பத்துப் பேர் கத்துவது போல எதிரொலிக்கும். பெரிய கழுகு பயந்து எழும்பினால் குஞ்சு விளிம்பிலிருந்து விழுந்துவிடும். அதனால் முன்னால் போகிற நாங்கள் எல்லாவற்றையும் கையால்தான் சொல்லுவோம். முஷ்டியை உயர்த்தினால் நில். உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால் மெதுவாக. தலையில் கை வைத்தால் குனிந்து வா. போன மாதம் ஒருவர் தும்மலை அடக்கப் போய் மூக்கில் ரத்தமே வந்துவிட்டது. அப்படிக் கட்டுப்பாடு.

அம்மா அங்கே வந்து என்னைப் பார்த்து "அடியே" என்று ஒரு சத்தம் போட்டால் குஞ்சு போச்சு, என் வேலையும் போச்சு. எனக்கு அவளைப் பார்க்க ஆசைதான். ஆனால் வேண்டாம். அன்றைக்கு நான் லீவு போட்டுவிடுகிறேன். நீ மட்டும் நன்றாகப் பார்த்துவிட்டுப் போ.

சரியாகச் சாப்பிடு. கணக்கு வகுப்பில் தூங்காதே.

அக்கா

* * *

மார்ச் 11, இரவு

அக்கா,

லீவு போடாதே. தயவுசெய்து போடாதே. போட்டிருந்தால் போய்த் திரும்ப வாங்கு.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. நீயே வழியைச் சொல்லிவிட்டு நீயே லீவு போடுகிறாயே. அம்மா என்ன சொல்லியிருக்கிறாள்? உன்னோடு பேச மாட்டேன் என்றுதானே? பேசவே கூடாத பாதை உன்னிடம் இருக்கிறது. அங்கே அவள் உன் பின்னால் எவ்வளவு தூரம் நடந்தாலும் சொன்ன சொல் அப்படியே இருக்கும். அவள் வீம்பில் ஒரு கீறல் விழாது. யாரும் அவளை "என்ன, கடைசியில் பேசிட்டியா?" என்று கேட்க முடியாது. அவளுக்கு அந்தப் பயம்தான் அக்கா, வேறொன்றுமில்லை. ராத்திரி சில சமயம் இந்த அறைக்கு வந்து உன் கட்டில் போர்வையை மடிக்கிறாள். மடித்துத்தான் இருக்கும். பிரித்து மறுபடி மடிக்கிறாள். நான் தூங்குவது போல இருந்துவிடுவேன்.

அவள் கத்திவிட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். அதற்குத்தான் எனக்கும் பயம். ஆனால் அம்மா ஊரில் யார் குழந்தை அழுதாலும் எட்டிப் பார்க்கிறவள். குஞ்சு விழும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் உயிர் போனாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

அப்பாவிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. தனியாகச் சுமக்க முடியவில்லை. அவர் ஒரு பொட்டலம் உடைந்த பிஸ்கட்டைத் தின்று முடிக்கும் வரை யோசித்தார். பிறகு, "உங்கம்மா திட்டினா நான் அந்த ஆத்துலயே குதிச்சிடறேன். நீ நீந்தக் கத்துக்கோ" என்றார். அப்படியென்றால் சரி என்று அர்த்தம்.

நீ வாசலுக்கு வராதே. "பேசாதீர்" பலகைக்கு அந்தப் பக்கம் நின்றுகொள். வாசலில் வேறு யாராவது கழுகுக் குஞ்சைப் பற்றி நன்றாகப் பயமுறுத்தி அனுப்பட்டும். அம்மாவை வரிசையில் உனக்கு அடுத்த ஆளாக நிறுத்துவது அப்பாவின் பொறுப்பு. அம்மா அன்றைக்குப் போட புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள், வழுக்காததாகப் பார்த்து. பாவமாக இருக்கிறது.

நடுங்கிக்கொண்டே,
குருவி

* * *

மார்ச் 20

குருவி,

நேற்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. ஆனால் எனக்குப் பாதிதான் தெரியும். முன்னால் போகிறவள் பாதையைப் பார்க்க வேண்டும், பாறையைப் பார்க்க வேண்டும். முதுகில் கண் இல்லை. என் பின்னால் என்ன நடந்தது? எனக்குக் கேட்டதெல்லாம் அம்மாவின் மூச்சு. அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? மார்க் ஷீட் பார்க்கும்போது விடுவாளே, அதே மூச்சு.

முதல் குழுவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு மேல்பாதை வழியாக அடுத்த குழுவுக்கு ஓடி வந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் முதல் ஆளாக யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால், அம்மா. மூன்றாவது குழுவிலும் அம்மா. எப்படி? வீட்டுக்குப் போய் என்ன சொன்னாள்? ஒன்று விடாமல் எழுது. கெட்டதாக இருந்தாலும் எழுது.

அக்கா

* * *

மார்ச் 22, இரவு

அன்புள்ள அக்கா,

இதையும் யாரிடமும் காட்டாதே. இது எல்லாவற்றையும் விட மோசம். ஆனால் எழுதும்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

வாசலில் உங்கள் ஆள், அந்த வெள்ளை மீசைக்காரர், நன்றாகவே பயமுறுத்தினார். அம்மா எல்லாரையும் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்கல்ல? யாராவது வாயத் தொறந்தீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று கம்பெனி போர்மேன் மாமாவையே மிரட்டினாள். அப்படி மிரட்டிவிட்டு வளைவு திரும்பினால் நீ.

நீ உடனே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாய். அதனால் உனக்குத் தெரியாது. அம்மா வாயைத் திறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், கைக்குட்டையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருக்கிறாள். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது. அப்பா ஆற்றின் ஆழத்தை எட்டிப் பார்த்தார்.

பிறகு நடந்தாள், அக்கா. உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நீ முடியை வெட்டியிருப்பதைப் பார்த்து என்னிடம் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டி, யார் வெட்டினது என்று கேட்டாள். நான் தோளைக் குலுக்கினேன். கன்னத்தை உள்ளே இழுத்து, எப்படி மெலிந்திருக்கிறாள் பார் என்றாள். நீ முஷ்டியை உயர்த்தி நிறுத்தி மேலே காட்டினாய் அல்லவா, பெரிய கழுகு குஞ்சுக்கு ஊட்டியதை? அப்போதுதான் உன் சட்டைத் தோளில் தையல் விட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் பையிலிருந்து ஊக்கை எடுத்துக் குத்திவிட்டாள். நீ அசையாமல் நின்றாய். உன் காது சிவந்திருந்தது, அதை நான் பார்த்தேன்.

"இங்கிருந்து பேசலாம்" என்ற பலகை வந்ததும் எல்லாரும் மூட்டையை அவிழ்த்தது போலப் பேச்சைக் கொட்டினார்கள். நீ மேல்பாதைக்கு ஓடிவிட்டாய். அம்மா மட்டும் அந்தப் பலகையை ஏதோ கடன்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். திரும்பி விறுவிறுவென்று வாசலுக்குப் போய் வரிசையில் நின்றுகொண்டாள், நானும் பின்னால் ஓடினேன். மீசைக்காரர், "அம்மா, நீங்க இப்பத்தானே போய்ட்டு வந்தீங்க" என்றார்.

"கழுக சரியாப் பாக்கல."

மூன்றாவது தடவை அவர் கேட்கவே இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க, அந்தப் பொண்ணு வர்ற வரைக்கும்" என்றார்.

இரண்டாவது தடவை உனக்கே தெரியும். கல் தாண்டும் இடத்தில் நீ கை நீட்டினாய், அவள் பிடித்தாள். தாண்டி முடித்த பிறகும் விடவில்லை. கையை விடாமலே இன்னொரு கையால் உன்னைத் திட்டினாளே, அதைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். வங்கி, பெட்டி, வாசல், அழுகை, எல்லாம் ஒரே கையால். பேக்கிங் பிரிவு அக்காக்கள் அதையும் கழுகைப் பற்றிய விளக்கம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள்.

மூன்றாவது தடவை போகும்போது உச்சி வெயில் ஆற்றின் அடிவரை இறங்கியிருந்தது. நீ நிறுத்தாமலே அம்மா நின்றுவிட்டாள். அடியில் கூழாங்கல் வரை தெரிந்த அந்தத் தண்ணீரை அப்படிப் பார்த்தாள். குனிந்து கை நனைத்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை, அக்கா. பரிசு வாங்கின பிள்ளை முகம்.

பஸ் கிளம்பியதும் ஆற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "இவ்வளவு தண்ணி இங்க ஓடுது. நான் வருஷக் கணக்கா தண்ணி வரலங்கற கதையத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "அந்தப் பாதையில முன்னாடி போச்சே ஒரு பொண்ணு, வேலைய ஒழுங்காத்தான் பாக்குது" என்றாள்.

"எந்தப் பொண்ணு?" என்றார் அப்பா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"எனக்கென்ன தெரியும். அங்கதான் இருக்குன்னு நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதானே யாரும் சொல்லக் கூடாதுன்னே."

அம்மா அப்பாவின் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கி முழுவதையும் தானே தின்றாள். நான் சீட்டுக்கு அடியில் தலையை விட்டுச் சிரித்தேன்.

இதுவரை நல்ல செய்தி. இனிமேல்தான் பயம். இன்று சாயங்காலம் அம்மா என்னைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போக வந்தாள். எப்போதும் வராதவள். விசில் மாமாவின் பஸ் நின்றது. நேற்று உன் கடிதத்தைக் கொடுத்தவர், இன்று பதிலை வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தபடி கை நீட்டினார், அம்மாவைப் பார்த்ததும் அந்தக் கையாலேயே நெஞ்சைச் சொறிந்துகொண்டார். அம்மா என் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். சாப்பிடும்போது, "அந்தக் கண்டக்டருக்கு ஒன்னப் பாத்தா ஏன் சிரிப்பு வருது?" என்றாள். நான் தண்ணீர் குடித்தேன். ஒரு சொம்பு முழுவதும் குடித்தேன். நான் குடித்து முடிக்கும் வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தெரிந்துவிட்டால் என்ன செய்வாள்? என் பேனாவையெல்லாம் பிடுங்கிவிடுவாளா? பள்ளியை மாற்றிவிடுவாளா? இனிமேல் நான் எழுதவில்லை என்றால் நீ தப்பாக நினைக்காதே, எழுத முடியவில்லை என்று நினைத்துக்கொள். நீ மட்டும் அடுத்த...

கூடத்தில் விளக்கு எரிகிறது. அப்பா இரவு வேலைக்குப் போய்விட்டார். காலடிச் சத்தம் இங்கேதான் வருகிறது. டார்ச்சை அணைக்கிறேன்.

அக்கா, கதவைத் தட்டுகிறாள். அம்மா ஒருநாளும் தட்டினதில்லை, திறந்துகொண்டுதான் வருவாள். தட்டிவிட்டு வெளியிலேயே நிற்கிறாள். இருட்டில் கை போன போக்கில் எழுதுகிறேன்.

"தூங்கலன்னு தெரியும். வெளக்கப் போட்டே எழுது, கண்ணு கெட்டுடும்" என்கிறாள். மறுபடி தட்டுகிறாள். மெதுவாகத்தான் தட்டுகிறாள்.

"பேப்பர் முழுக்க நீயே எழுதிடாத. அடியில எனக்குக் கொஞ்சம் எடம் விடு" என்கிறாள்.